மெத்தையை நனைக்கும் நாயை விரட்டுமுன் விசாரிப்போம்



நமது இதழில் வரி, எடைக்கல் முத்திரை, லைசென்ஸ் புதுப்பித்தல், சரக்கு விலை என்றுதான் வழக்கமாகக் கட்டுரைகள் வரும். நாயைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு என்று வாழ்கிறவர்கள் நம்மில் அதிகம். இரவுக் காவலுக்கு என்றும், பிள்ளைகளின் ஆசைக்கு என்றும் நாய் வளர்க்கும் குடும்பங்களும் பல. சரக்கெடுக்க வரும் கடைக்காரர்கள் சீட்டைக் கொடுத்துவிட்டு, மூட்டை கட்டி முடியும் வரை நம்மிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். விலைவாசிக்கு அடுத்தபடியாக வீட்டுக் கஷ்டம்தான் பேச்சில் வரும். "நாய் மெத்தையில் மூத்திரம் போய்விடுகிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை" என்ற புகாரை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம்.

கேட்பவர்களுக்கு இது சிரிப்பு. வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய மெத்தை பாழாகிறது. வீடு முழுக்க வாடை. விருந்தாளியை உட்காரச் சொல்ல முடியவில்லை. கணவன் மனைவிக்குள் சண்டை வருகிறது. கடைசியில் ஒரு நாள் இரவு நாயை லோடு வண்டியில் ஏற்றி, பைபாஸ் ரோட்டில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். எட்டு வருடம், பத்து வருடம் வாசலில் படுத்துக் காவல் காத்த ஜீவனுக்கு இப்படியா கணக்குத் தீர்ப்பது? வளர்த்த பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

இந்தக் கட்டுரையில் நாம் சொல்ல வருவது ஒன்றுதான். மெத்தையை நனைக்கும் நாய் வீம்புக்காக நனைப்பதில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்து விடலாம்.

முதலில் சிட்டை எழுதுங்கள்

கிட்டங்கியில் இரண்டு மூட்டை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடமே கடைப்பையனைக் கன்னத்தில் அறைந்து வெளியே அனுப்புகிறவர் வியாபாரி ஆக மாட்டார். கொள்முதல் சிட்டையைப் பார்ப்போம், பேரேட்டைப் பார்ப்போம், தராசைப் பார்ப்போம், எலி வளை இருக்கிறதா என்றும் பார்ப்போம். நாய் விஷயத்திலும் அதே முறைதான்.

ஒரு பழைய நோட்டில் மூன்று நாளைக்குக் குறிப்பு எழுதுங்கள். எந்த நேரத்தில் நனைத்தது? விழித்திருக்கும்போதா, தூங்கும்போதா? கொஞ்சமாகத் தெளித்ததா, குளம்போல் விட்டதா? காலைத் தூக்கியதா, உட்கார்ந்து போனதா? அப்போது வீட்டில் யார் இருந்தார்கள்? கடைசியாக வெளியே கூட்டிப்போனது எப்போது? இந்தச் சிட்டை இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

குடிக்கும் தண்ணீரையும் அளந்து வையுங்கள். அளப்பது நமக்குப் புதிய வேலை அல்ல. காலையில் லிட்டர் கணக்கில் ஊற்றி, மறுநாள் மீதியைக் கழித்தால் தெரிந்துவிடும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லி என்பது சாதாரண அளவு. கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் உள்ளே ஏதோ கோளாறு என்று பொருள். அதாவது 15 கிலோ நாய் தினமும் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். கருவாடு, உப்புக் கூடிய மிச்சச் சோறு போட்டாலும் தாகம் எடுக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூத்திரம் குறையட்டும் என்று தண்ணீர்ச் சட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நோயா, பழக்கமா?

இத்தனை வருடம் சுத்தமாக இருந்த நாய் திடீரென்று மெத்தையை நனைத்தால், முதலில் நோய் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூத்திரப்பையில் கிருமித் தொற்று வந்தால் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சில சமயம் ரத்தமும் கலந்து வரும். மூத்திரப்பையில் கல் இருந்தாலும் அப்படியே. சர்க்கரை நோய் மனிதருக்கு வருவதுபோல் நாய்க்கும் வரும். நிறையக் குடிக்கும், நிறையப் போகும், நன்றாகத் தின்றும் இளைக்கும். வயதான நாய்க்குச் சிறுநீரகம் பழுதானாலும் குடியும் போக்கும் கூடும். அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் அதனாலும் மூத்திரம் அதிகமாகும்.

கருத்தடை அறுவை செய்த பெட்டை நாய்களில் சிலவற்றுக்கு, தூங்கும்போது தன்னை அறியாமல் சொட்டும். எழுந்து பார்த்தால் படுத்த இடம் ஈரமாக இருக்கும். அந்த நாய்க்கே அது தெரியாது. அதை அடித்து என்ன பயன்? இதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

ஆண் நாய் முக்கி முக்கி நின்றும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால், மறுநாள் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. மூத்திரக்குழாயில் கல் அடைத்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு கடைக்காரரின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நம்மிடம் பல வருடமாகச் சரக்கெடுப்பவர். வீட்டில் எட்டு வயதுப் பெட்டை நாய், நாட்டு இனம். ஒரு நாள் சீட்டை நீட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, உங்க லோடு வண்டி நாளைக்கு எந்தப் பக்கம் போகுது? அந்த நாயையும் ஏத்தி விட்டுடலாம்னு பாக்கேன். பத்து நாளா மெத்தைய நாசம் பண்ணிட்டு. வீட்ல ஒரே சண்டை" என்றார்.

"தண்ணி ரொம்பக் குடிக்குதா?" என்று கேட்டோம்.

"ஆமா அண்ணாச்சி, சட்டி சட்டியா குடிக்கு."

"சோறு திங்குதா?"

"நாலு நாளா சரியா தொடல."

"பருவத்துக்கு வந்து எத்தனை நாள் ஆச்சு?"

அவர் யோசித்து, ஒன்றரை மாதம் இருக்கும் என்றார். சரக்கை மறுநாள் அனுப்புகிறோம், இப்போதே நாயைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லி அனுப்பினோம். கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்லி, அன்றைக்கே அறுவை செய்து கர்ப்பப்பையை எடுத்தார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்காது என்றும் சொன்னாராம். அடுத்த வாரம் சரக்கெடுக்க வந்தவர், "நாய் வாசல்ல படுத்திருக்கு அண்ணாச்சி. மெத்தைப் பக்கமே வரல" என்றார். மெத்தை நனைந்ததுதான் அந்த நாய் தன் நோயைச் சொன்ன விதம். கருத்தடை செய்யாத, வயது ஏறிய பெட்டை நாய்களுக்குப் பருவம் முடிந்து சில வாரங்களில் இந்த நோய் வரும் என்பதை எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். உரிய வயதில் கருத்தடை செய்தால் இந்தப் பயமே இல்லை.

அரசு கால்நடை மருந்தகங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோகலாம். போகும்போது காலையில் முதலில் போகும் மூத்திரத்தைச் சுத்தமான சிறு பாட்டிலில் பிடித்துப்போனால் பரிசோதனைக்கு உதவும். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் காய்ச்சல், தலைவலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கு உள்ள வலி மாத்திரைகளில் சில நாய்க்கு விஷம்.

குட்டியாக இருந்தால்

இரண்டு மாதக் குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கத் தெரியாது. மூன்று மாதம் என்றால் மூன்று மணி நேரம் என்று தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடியதும் உடனே வெளியே தூக்கிப்போக வேண்டும். தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். போய் முடித்த அந்த நொடியில் ஒரு சிறு பிஸ்கட் துண்டு கொடுத்துத் தட்டிக்கொடுங்கள். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. கூலியை வேலை முடிந்த கையோடு கொடுப்பதுபோல் இது.

மெத்தை மெதுவாக இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. புல்தரை போலத்தான் குட்டிக்குத் தெரியும். எனவே பழகி முடியும் வரை மெத்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். ஒரு நாள் கண்டிப்பு, ஒரு நாள் செல்லம் என்று மாறி மாறி நடந்தால் குட்டி குழம்பிவிடும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி வேண்டும்.

எல்லை வைக்கும் ஆண் நாய்

ஆறு மாதம் முதல் ஒரு வயதுக்குள் ஆண் நாய் காலைத் தூக்கி எல்லை வைக்கத் தொடங்கும். இது மூத்திரம் முட்டிக்கொண்டு போவதல்ல; நாம் கடைக்குப் போர்டு மாட்டுவதுபோல "இது என் இடம்" என்று அறிவிப்பது. கட்டில் கால், மெத்தையின் ஓரம், தொங்கும் போர்வை ஆகியவற்றில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கும். வீட்டுக்குப் புது நாய் வந்தாலும், பக்கத்துத் தெருவில் பெட்டை பருவத்துக்கு வந்தாலும், வீடு மாறினாலும் இது கூடும். கருத்தடை செய்தால் பெரும்பாலான நாய்களுக்கு இந்தப் பழக்கம் குறையும். பல வருடம் பழகிப்போனதாக இருந்தால் முழுக்க நிற்காமலும் போகலாம். அதனால் காலத்தில் செய்வது நல்லது.

பயமும் ஏக்கமும்

தீபாவளி வெடிச் சத்தத்தில் நாய் கட்டிலுக்கு ஏறி நனைத்தால் அது பயம். வீட்டார் திருமணத்துக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தபோது முதலாளி படுக்கும் பக்கம் மட்டும் நனைந்திருந்தால், அது பழிவாங்கியது என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. மெத்தையில் நம் வாடை இருக்கிறது. ஆளைக் காணாமல் தவித்த நாய், ஆள் வாடை உள்ள இடத்துக்குப் போகிறது. அந்தத் தவிப்பில் மூத்திரமும் போய்விடுகிறது.

நம்மைக் கண்டதும் காதை மடக்கி, உடம்பைக் குறுக்கி, தரையோடு ஒட்டி மூத்திரம் விடும் நாயும் உண்டு. அது "உங்களுக்கு அடங்கினேன்" என்று அது சொல்லும் மொழி. அதற்கு அடி விழுந்தால் இன்னும் அதிகமாக விடும். அந்த நாயின் மேல் குனியாமல், குரலை உயர்த்தாமல், பக்கவாட்டில் நின்று பேச வேண்டும்.

நாயின் மூக்கை மூத்திரத்தில் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பத்து நிமிடம் முன் செய்ததற்கு இப்போது தண்டனை கொடுத்தால் நாய்க்கு விஷயம் விளங்காது. "முதலாளி வந்தால் அடி விழும்" என்பது மட்டும்தான் விளங்கும். பிறகு அது நம் கண்ணில் படாமல் கட்டிலுக்குப் பின்னால் போய் நனைக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

வாடை போகாமல் வழக்கு தீராது

நாயின் மோப்பம் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானது. நமக்குப் போய்விட்டது என்று தோன்றும் வாடை அதற்கு அப்படியே இருக்கும். வாடை இருக்கும் இடம் கக்கூஸ் என்று அது முடிவுகட்டிவிடும். எனவே சுத்தம் செய்வதில்தான் பாதி வெற்றி.

நனைந்தவுடன் பழைய துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து நனைந்த இடத்தில் தெளித்து, மறுபடி ஒற்றுங்கள். ஈரம் குறைந்ததும் ஆப்ப சோடாவைத் தாராளமாகத் தூவி, இரவு முழுக்க விட்டு, காலையில் துடைத்து எடுங்கள். இரண்டும் நம் கடையிலேயே இருக்கும் சரக்கு. அதற்கும் வாடை போகாவிட்டால், பிராணிகள் பொருள் விற்கும் கடைகளில் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது. வாடைக்குக் காரணமான பொருளையே அது சிதைத்துவிடும். ஊற்றியதும் துடைத்துவிடாமல், பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊற விட வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் உறையைப் பிரித்துப் பஞ்சை நல்ல வெயிலில் காயவைக்கலாம். ரப்பர் மெத்தை அடிவரை உறிஞ்சியிருந்தால் வாடை போவது சிரமம். இனிமேல் எந்த மெத்தைக்கும் கீழே இறங்காத ரெக்சின் உறை ஒன்று போட்டுவிடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். பினாயில் போட்டால் நம் மூக்குக்கு மட்டும்தான் வாடை மறையும்; ஈரத்தை நக்கும் நாய்க்கு அது கெடுதல். அம்மோனியா கலந்த கிளீனர் மூத்திர வாடையை ஒத்திருப்பதால் நாயை மறுபடி அழைக்கும். பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேலோ வினிகருடனோ கலக்கவே கூடாது. நெஞ்சை அடைக்கும் விஷ வாயு கிளம்பும்.

கடைக்குள் வேண்டாம்

மெத்தையில் போகும் நாய்க்குச் சாக்கு மூட்டையும் ஒன்றுதான். அதுவும் மெதுவானது, ஈரத்தை உறிஞ்சுவது. உணவுப் பண்டம் இருக்கும் இடத்தில் வளர்ப்புப் பிராணி கூடாது என்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் வந்த சுகாதார விதி. காவல் நாயின் இடம் கிட்டங்கிக்கு வெளியே, வாசலில்தான். அங்கே அதற்கு நிழலும், தண்ணீரும், ஒரு சாக்குப் படுக்கையும் போட்டுக்கொடுங்கள். பகல் முழுக்கக் கட்டிப்போட்டு, இரவில் வீட்டுக்குள் விட்டால் அது எங்கே போகும்? பெரிய நாயைக் குறைந்தது காலை, மதியம், மாலை, படுக்கப்போகும் முன் என நான்கு தடவை வெளியே விட வேண்டும்.

எலி நடமாடும் கிட்டங்கியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரம் வழியாக நாய்க்கு வரும். நாயின் மூத்திரம் வழியாக, காலில் கையில் புண் உள்ள நமக்கும் பையன்களுக்கும் வரும். எனவே நனைந்த மெத்தையையோ தரையையோ சுத்தம் செய்பவர் கையுறை போடாமல் தொடக் கூடாது. நாய்க்கு வெறிநாய்க்கடி ஊசியோடு எலிக்காய்ச்சலுக்கான தடுப்பூசியும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

நாய் நனைத்த மூட்டையை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. மேலாக உள்ளதை அள்ளிவிட்டு மீதியை விற்கலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரலாம். சாக்கு உறிஞ்சியது எதுவரை இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. நம் வீட்டு அடுப்பில் ஏற்றத் துணியாத அரிசியை வாடிக்கையாளர் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு மூட்டை நஷ்டத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிடலாம்; போன பேரை எந்தக் கணக்கிலும் வரவு வைக்க முடியாது.

வயதான நாய்க்கு

எல்லாம் செய்து பார்த்தும், வயது மூப்பால் அடக்க முடியாத நாய் என்றால், அதற்குத் தனியாக ஒரு பழைய பாய், அதன் மேல் மாற்றிப்போடத் துணி, அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும். கை நடுங்குகிறது என்பதற்காக முப்பது வருடம் பேரேடு எழுதிய கணக்குப்பிள்ளையை நாம் தெருவில் விடுவதில்லை. எழுத்து வேலையைக் குறைத்து, உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறோம். வாசலைக் காத்த நாய்க்கும் அவ்வளவு செய்தால் போதும்.

ஆகவே வணிக நண்பர்களே, நாளை காலை மெத்தை நனைந்திருந்தால் கம்பைத் தேடாதீர்கள். நோட்டை எடுத்து நேரத்தைக் குறியுங்கள், தண்ணீரை அளவுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள், வாடையைப் போக்குங்கள், வேளாவேளைக்கு வெளியே விடுங்கள். லோடு வண்டி சரக்கு ஏற்றுவதற்கு மட்டும் இருக்கட்டும்.